வெர்ன் குனிந்து தொட்ட பந்து

எமில் ட்ரோஸ்டேயின் மேசை நாற்காலிக் கடையில் எந்தச் சாமானுக்கும் ஒரே விலை இருந்ததில்லை. தொங்கும் சீட்டில் ஒன்று, எமிலின் மனசில் ஒன்று, வந்தவர் வேண்டாமென்று வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கும்போது இன்னொன்று. "இது வால்நட் மரம்தானே?" என்று கேட்டால், "பார்த்தாலே தெரியலையா?" என்பார். பார்த்தால் தெரியாது. ஆனால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள ஓட்டர் லேண்டிங் ஊரில் யாருக்கும் வாய் வராது. அந்த வெட்கத்தை மூலதனமாகப் போட்டுத்தான் எமில் தொழில் செய்தார், நன்றாகவே செய்தார்.

அந்த மனிதர் ஒரே விலை சொல்கிற இடம் ஒன்று இருந்தது. கோடைக்காலத்தில், கெளுத்திகள் என்று ஊர் செல்லமாகக் கூப்பிட்ட உள்ளூர் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாட்களில், கடையை மனைவி ஹல்டாவிடம் விட்டுவிட்டுப் போய் மைதானத்து மாடியில் தகரக் கூரைப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்வார். அணியின் அதிகாரபூர்வ ஸ்கோரர் அவர்தான். லீக் என்னவோ தொழில்முறை லீக்குகளிலேயே கடைசித் தட்டு. அதற்குக் கீழே போனால் தேவாலயத்துப் பிக்னிக்தான். ஆனாலும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், அவர்கள் அடித்ததும் விட்டதும் தாளில் ஏறி, லீக் ஆபீசுக்குப் போய், பெரிய ஊர்ப் பத்திரிகைகளில் பொடி எழுத்தில் அச்சாகும்.

ஒருவன் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிட்டால் ஒரு கேள்வி வரும். அவன் நன்றாக அடித்ததால் சேர்ந்தானா, பிடிக்க வேண்டியவன் கோட்டைவிட்டதால் சேர்ந்தானா? முதலாவதென்றால் ஹிட், அடித்தவன் கணக்கில் வரவு. இரண்டாவதென்றால் தப்பு, கோட்டைவிட்டவன் தலையில். விதிப்புத்தகம் இதற்கு வைத்திருந்த தராசு இரண்டே வார்த்தை: "சாதாரண முயற்சி". சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தை விட்டால் தப்பு. எது சாதாரணம் என்பதை எமில் சொல்வார். பெட்டிக்குள் ஒரு பித்தானை அழுத்துவார், எதிரே பலகையில் விளக்கு எரியும். ஆட்டக்காரர்கள் படியேறி வந்து கெஞ்சுவார்கள், சிலர் மனைவி சுட்ட பழப் பலகாரம் கொண்டுவருவார்கள். எமில் பலகாரத்தைச் சாப்பிடுவார், தீர்ப்பை மாற்றமாட்டார். "கடையில வந்து பேரம் பேசுங்க. இங்க சீட்டுல இருக்கறதுதான் விலை" என்பார்.

இந்தப் பெருமையில்தான் அந்த வருஷம் அந்த நாற்காலி வந்து விழுந்தது.

சாய்ந்தால் காலடிப் பலகை மேலே எழும்புகிற நாற்காலி. வேகவைத்த முட்டைகோஸின் நிறம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது வெகுகாலமாக நின்றது. ஊரில் கல்யாணமானவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறெதையாவது வாங்கிப்போனார்கள். அணிக்காரர்கள் பரிசு ஏதாவது கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது எமிலுக்கு மூளை பளிச்சென்று வேலைசெய்தது. பேஸ்களைச் சுற்றி நிற்கும் உள்வட்டக்காரர்களில் யாருக்குப் பந்துபிடிச் சராசரி, அதாவது தொட்ட பந்துகளில் விடாமல் பிடித்த பங்கு, மேலாக இருக்கிறதோ அவருக்குப் பருவ முடிவில் இந்தச் சொகுசு நாற்காலி! பத்திரிகையில் செய்தி, கடைக்கு விளம்பரம், சனியனும் ஒழிந்தது.

மூன்றாம் பேஸில் நின்ற வெர்ன் ஹாக்கட்டை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

வெர்ன் ஆள் வாட்டசாட்டமானவன், அடிப்பதிலும் பரவாயில்லை. ஆனால் பந்து தன் மார்புக்கு நேராக வந்தால்தான் அது தன்னுடையது என்று நம்புகிறவன். ஒரு முழம் தள்ளிப்போனால் மரியாதையாக வழிவிடுவான். தொடாத பந்துக்குத் தப்பு கிடையாது, அது ஹிட். பக்கத்தில், இரண்டாம் மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே நின்ற ஷார்ட்ஸ்டாப் பையன் லைல் எல்லாப் பந்துக்கும் பாய்ந்து, புரண்டு, பாதியைப் பிடித்து, மீதியைத் தட்டிவிட்டுத் தப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டான். வெர்ன் சட்டையில் புழுதி படாமல் பருவம் முழுக்க ஒரு தப்புகூட வாங்கவில்லை. லீக்கிலேயே அப்படி ஆள் கிடையாது.

அவனுக்கு அடுத்து நின்றவன் முதல் பேஸில் ஆடிய ரூடி. எல்லோரும் எறிகிற பந்தெல்லாம் அவன் கைக்குத்தான் வரும் என்பதால் பிடித்தது ஏராளம், விட்டது சொற்பம். நல்ல பையன். ஒரே குறை, அவன் ஹல்டாவின் தம்பி. எமில் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம், செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின மத்தியானம். எதிரணியான கால்டர் சிட்டிக்காரன் ஒருவன் மூன்றாம் பேஸுக்கு இரண்டு எட்டு தள்ளிச் சோம்பலாக ஒரு பந்தை உருட்டிவிட்டான். லைல் அதற்காகப் பின்னாலிருந்து ஓடிவர ஆரம்பித்தான். அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வெர்ன் நகர்ந்தான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. அப்புறம், கடவுள் சாட்சியாக, குனிந்தான். பந்து கையுறைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. அவன் அதை எடுத்து எறியப் போனபோது பந்து அங்கே இல்லை, காலடியில் கிடந்தது. அடித்தவன் முதல் பேஸில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மைதானம் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் தகரப் பெட்டியைப் பார்த்தது.

அது தப்பு. கண் தெரியாதவனும் சொல்வான். எமிலின் விரல் பித்தானுக்கு மேலேயே நின்றது. கொஞ்சம் பந்து மட்டும் தொட்டவனுக்கு ஒரே ஒரு தப்பு ஏறினாலும் சராசரி தடாலென்று இறங்கும். வெர்ன் ரூடிக்குக் கீழே போய்விடுவான். நாற்காலி ரூடிக்கு. அதாவது எமிலின் சொந்த வீட்டுக்கு. பரிசு என்று தானே அறிவித்து, தீர்ப்பு என்று தானே எழுதி, தன் மச்சினனுக்கே கொடுத்துக்கொண்டான் என்று சொல்ல ஊரில் நாக்குக்கா பஞ்சம்? நாலு காசுக்குப் பொய் சொல்கிறவனிடம் ஊர் நம்பிய ஒரே விஷயம் அந்தத் தாள்தான். அந்த நம்பிக்கையும் போய்விடும்.

எமில் ஹிட் விளக்கை எரியவிட்டார்.

கால்டர் சிட்டிக்காரன் ஆச்சரியத்தில் தொப்பியைக் கழற்றினான். வெர்ன் பலகையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு தன் கையுறையை வெகுநேரம் பார்த்தான்.

மறுநாள் காலை முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்தபடி ஹல்டா புருஷன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கல்யாணத்துக்கப்புறம் அப்படிச் செய்த நினைவே அவருக்கு இல்லை.

"ஏங்க, அந்த முட்டைகோஸ் சனியன் என் வீட்டு வாசப்படி ஏறாம காப்பாத்துனீங்களே. நான் முந்தாநாள் ராத்திரி பூரா ஜெபம் பண்ணேன்."

"நிஜமாவே ஹிட்டுதான் மச்சான் அது" என்றான் ரூடி, ரொட்டியை முட்டையில் தோய்த்தபடி. எமிலின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ பாத்தியா?"

"நான் முதல் பேஸ்ல நின்னேன். அங்கேருந்து தூரம்."

"உனக்குத் தூரத்துல புறா உக்காந்திருந்தாலும் ஆணா பொண்ணான்னு தெரியும்டா."

"நாற்காலின்னு வந்துட்டா கண்ணு மங்கிடுது மச்சான். அதுல ஒருதரம் உக்காந்து பாத்தேன், எழுந்திரிக்க விடல."

எமிலுக்கு முட்டை இறங்கவில்லை. தாள் இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது. மத்தியானத் தபாலில் லீக் ஆபீசுக்குப் போகும். அதுவரை ஸ்கோரர் மனசு மாறலாம் என்பது விதி. இந்த விதியை எமில் இதுவரை உபயோகித்ததே இல்லை. உபயோகிக்கவேண்டி வருகிறவனைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமும் இருந்ததில்லை.

பரிசளிப்பு பத்து மணிக்கு, கடையிலேயே. பத்திரிகை நடத்தும் அம்ப்ரோஸ் லீச் கேமராவோடு வந்துவிட்டார். முடிவெட்டுகிறவர், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், வேலையே பார்க்காதவர்கள் என்று பத்திருபது பேர் சோபாக்களில் உட்கார்ந்து பார்த்தார்கள், வாங்கும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. ஹல்டா காப்பி ஊற்றினாள்.

வெர்னின் மனைவி ஓப்பல் ஹாக்கட் ஒரு லாரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். நாற்காலி எந்த மூலைக்கு என்று அவள் வீட்டில் இடம் அளந்து பலகாலம் ஆகிறது. பின்னாலேயே வெர்ன், தேவாலயத்துக்குப் போகிற கோட்டில், முகம் மட்டும் இழவுக்கு வந்தவனுடையது.

"அண்ணே, எடுத்துட்டுப் போகலாமா?" என்றாள் ஓப்பல்.

"படம் எடுத்தப்புறம், தங்கச்சி."

"முதலாளி, ஒரு நிமிஷம்" என்றான் வெர்ன். எமிலின் கையைப் பிடித்து அலமாரிகளுக்குப் பின்னால் இழுத்துப்போனான். ஓப்பலும் போனாள். விடமாட்டாள்.

"நேத்து அந்தப் பந்து" என்று ஆரம்பித்தான் வெர்ன்.

நன்றி சொல்லப் போகிறான் என்று எமில் நினைத்தார். "அதை விடுப்பா. எழுதினது எழுதினது."

"அதைத் தப்புன்னு மாத்துங்க முதலாளி."

அலமாரிக்கு அந்தப் பக்கம் காப்பிக் கோப்பைகளின் சத்தம் நின்றது. எமில் தன் காதில் விழுந்ததை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். எத்தனையோ பேர் படியேறி வந்திருக்கிறார்கள். தன் தலையில் தப்பு போடச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் இவன்தான்.

"என்னது?"

"தப்பு போடுங்க எனக்கு. ஒண்ணே ஒண்ணு."

"இவருக்கு வெயில்ல மண்டை காஞ்சுபோச்சு அண்ணே, கண்டுக்காதீங்க" என்றாள் ஓப்பல்.

"நீ சும்மா இரு ஓப்பல். முதலாளி, நேத்து காலைல மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு. அடுத்த வருஷம் நீ வேணாம்னுட்டாரு. மேல, நமக்குச் சம்பளம் குடுக்கற பெரிய அணியில உக்காந்து தாளைப் பாக்கறாரே ஒருத்தர், அவரு கேட்டாராம்: வருஷம் பூரா ஒரு தப்பு இல்லாம ஒருத்தன் ஆடறான்னா ஒண்ணு அவன் தேவதூதன், இல்லே தூங்குமூஞ்சி, அவன் அடிக்கிற சராசரியப் பாத்தா தேவதூதன் மாதிரி தெரியலையேன்னு."

அந்தப் பக்கம் யாரோ காப்பியை மூக்கால் குடித்தார்கள்.

"அதனாலதான் நேத்து நான் நகர்ந்தேன். கடைசி ஆட்டம், ஒண்ணையாவது தேடிப் போவோம்னு. போய்ச் சேந்தேன் முதலாளி! கைக்குள்ள இருந்துச்சு! நீங்க ஹிட்டுன்னு போட்டீங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? இந்தப் பந்தை இவன்கிட்ட எதிர்பாக்கவே முடியாதுன்னு அர்த்தம். வேலிக் கம்பத்து மேல பந்து பட்டாலும் ஹிட்டுதான். என்னைக் கம்பம்னு எழுதிட்டீங்களே."

எமிலுக்கு உறைத்தது. பொய் எழுதியதற்குப் பழி வரும் என்று பயந்திருந்தார். அவமானம் இந்த வாசல் வழியாக வருமென்று நினைக்கவில்லை.

"அண்ணே, விதிப்புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று ஓப்பல் இடுப்பில் கையை வைத்தாள். "சாதாரண முயற்சின்னுதானே? நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்த ஆள் குனிஞ்சாரு! கட்டுனதுலேருந்து இவர் ஒரு காலுறைக்குக் குனிஞ்சு நான் பாத்ததில்ல. இது சாதாரண முயற்சியா? இது அசுர முயற்சி! அப்ப ஹிட்டுதான்!"

"எனக்கு அது சாதாரணம்தான்டி!"

"சாதாரணமா? ராத்திரி முதுகுக்குத் தைலம் தேச்சது யாரு?"

"அது வேற. முதலாளி, சத்தியமா சொல்றேன், அது எனக்குச் சாதாரணம். நினைச்சா நான் தினம் குனிவேன்."

"நினைக்கவே இல்லையே நீ!"

"விதி உன் புருஷனுக்கு எது சாதாரணம்னு கேக்கல, தங்கச்சி" என்றார் எமில் மெதுவாக. "மூணாம் பேஸ்ல நிக்கிற எவனோ ஒருத்தனுக்கு எது சாதாரணம்னுதான் கேக்குது."

"நான் எவனோ ஒருத்தன்தான்!" என்று கத்தினான் வெர்ன், வாழ்க்கையில் கிடைத்த பட்டத்தைச் சொல்வதுபோல. "அதைத்தானே நானும் சொல்றேன்!"

ஓப்பல் பேச்சை மாற்றினாள். "சரி. தப்பே போட்டுக்குங்க. நாற்காலியும் குடுத்துடுங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா."

"அது எப்படி? தப்புன்னா நாற்காலி ரூடிக்கு."

"அப்ப பாதித் தப்பு போடுங்க."

"பாதித் தப்புன்னு ஒண்ணு கிடையாது."

"உங்க கடையில எல்லாமே பாதிக்கு வரும்ணே. கொஞ்ச நேரம் நின்னா போதும்."

சிரிப்பு வந்தது எமிலுக்கு, அடக்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். வெர்னின் வரிசையில் வருஷம் முழுக்க வழவழவென்று ஓடிய சைபர். மேலே பெரிய அணி ஆபீசில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துத்தான் இவனைத் தூங்குமூஞ்சி என்றிருக்கிறார். அந்த மனிதர் இந்த ஊருக்கு வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. எமில் எழுதினால் நடந்தது. எழுதாவிட்டால் வெர்ன் ஹாக்கட் குனியவே இல்லை.

பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். ஹிட்டைக் கோடு போட்டு அடித்தார். தப்பைப் போட்டார்.

பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றார். எல்லோரும் எதுவும் கேட்காதவர்கள் மாதிரி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ஒரு தீர்ப்பு தப்பாப் போயிடுச்சு" என்றார். "வெர்ன் விட்ட பந்து ஹிட் இல்ல, தப்பு. நான் பாத்தேன், தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன். ஊரு என்ன பேசுமோன்னு பயம். இப்ப சரி பண்ணிட்டேன்."

லீச் பென்சிலை எடுத்தார். "அப்ப நாற்காலி யாருக்கு எமில்?"

எமில் தொண்டையைக் கனைத்தார். "ரூடிக்கு."

பிறகு கடை கூரை பறக்கச் சிரித்தது. முடிவெட்டுகிறவர் ஒரு சோபாவில் மல்லாந்து விழுந்தார். "யோவ் எமில், சுத்தி வளைச்சு உன் வீட்டுக்கேவா? மேப்பிள் கட்டில் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எனக்கும் மச்சினன் விலை போட்டுக் குடு!"

"எனக்கும் ஒரு அக்கா இருக்கு, எமில்!" என்றார் வங்கிக்காரர்.

எமிலின் காது நுனிவரை சிவந்தது. இது இன்றோடு போகாது என்று தெரியும். பனி விழுந்து கரைந்து அடுத்த பருவம் தொடங்கும்போதும் யாராவது ஒருவர் மச்சினன் விலை கேட்டுக்கொண்டுதான் வாசல் ஏறுவார். ஆனாலும் தாளைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தபோது அது அங்கே சரியாக உட்கார்ந்தது. நேற்று அப்படி உட்காரவில்லை.

வெர்ன் லீச்சிடம் போய் நின்றான். "பத்திரிகையில போடுவீங்கதானே? தப்பு, ஹாக்கட்னு?"

"போடுவேன்."

"முழுப் பேரா போடுங்க சார். இடம் இல்லேன்னு எப்பவும் நடுவுல ரெண்டு எழுத்தைத் தின்னுடுறீங்க. இந்த ஒருதரம்."

ரூடியை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ஹல்டா காப்பிக் கூஜாவை மேசையில் நங்கென்று வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையில், காலையில் தலையைத் தடவியதைத் திரும்ப வாங்கிக்கொண்டது தெரிந்தது. ரூடி இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை எழுந்தான். நேராக ஓப்பலிடம் போனான்.

"அக்கா, லாரி கொண்டுவந்திருக்கீங்க. நீங்களே எடுத்துக்குங்க."

"எவ்வளவு?" என்றாள் ஓப்பல்.

"சும்மாதான்."

ஓப்பலின் கண் சுருங்கியது. வாழ்நாளில் யாரும் அவளிடம் முதல் வார்த்தையிலேயே அந்த விலையைச் சொன்னதில்லை. "சும்மாவா? அப்ப அதுல என்ன கோளாறு? ட்ரோஸ்டே அண்ணே, நீங்க சொல்லுங்க, என்ன கோளாறு இதுல?"

கேட்டது தகரப் பெட்டியில் அல்ல, கடையில். வேறெந்த நாளாக இருந்தாலும் எமில் "பார்த்தாலே தெரியலையா?" என்றிருப்பார். ஆனால் காலையிலிருந்து திறந்த வாய், மூட மறுத்தது.

"இடது பின்னங்கால் ஒரு விரல் குட்டை. சாய்ஞ்சா ஸ்பிரிங் முனகும். துணி வெல்வெட்டு இல்ல, வெல்வெட்டு மாதிரி. இந்த நிறத்தை அனுப்பச் சொல்லி நான் எழுதவே இல்ல, அவங்களே தள்ளிவிட்டாங்க. யாரும் வாங்காததாலதான் பரிசுன்னு அறிவிச்சேன்."

கடையில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வால்நட் மேசைகளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஓப்பல் சொல்ல வைத்திருந்த குறையெல்லாம் அவரே சொல்லித் தீர்த்துவிட்டார்.

"இது என்ன நியாயம்ணே? எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதைச் சொல்லி விலையக் குறைக்கிறது?"

"சும்மாக் குடுக்கறதுக்குக் கீழ எங்க தங்கச்சி குறைக்கிறது?"

"அதான் கேக்கறேன். குறைக்க இடமில்லேன்னா சேர்த்தாவது குடுக்கணும்ல? பக்கத்துல நிக்கற அந்த முக்காலி?"

எமில் பதில் சொல்ல ஹல்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே முக்காலியைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.